சௌகார்பேட்டைச் சாப்பாடும் நம்ம கணக்கு நோட்டும்

(ஜார்ஜ் டவுன் கண்டுணர் பயணம் பற்றி, கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் நம் கூட்டமைப்பிலிருந்து 22 பேர் சென்னை ஜார்ஜ் டவுனுக்குக் கண்டுணர் பயணம் போய் வந்தோம். வராதவர்கள் சிலர் என்னிடம் கேட்டார்கள், "மேடம், கூட்டமைப்புப் பணத்துல தின்னுட்டு வர்றதுக்கா போனீங்க?" என்று. கேட்டது நியாயம்தான். ரயில் டிக்கெட், சாப்பாடு எல்லாம் செலவு நோட்டில் எழுதியிருக்கு. பொருளாளர் அக்காவிடம் வாங்கிப் பார்க்கலாம். அங்கே என்ன பார்த்தோம், அதில் நமக்கு என்ன இருக்கு என்பதைச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு.

எதுக்குப் போனோம் என்பதை முதலில் சொல்லிடறேன். ஆறு குழுக்கள் சாப்பாட்டுத் தொழில் தொடங்கக் கடன் கேட்டுத் தீர்மானம் போட்டுக் கொடுத்திருக்காங்க. அதில் நாலு குழுவின் தீர்மானத்தில் ஒரே வரிதான் இருக்கு: அப்பளம், ஊறுகாய், மசாலாப் பொடி. அடுத்த கூட்டத்தில் இதுக்கு நாம் முடிவு சொல்லணும். கொடுக்கப் போறது வாரா வாரம் நீங்க கட்டின சேமிப்பிலிருந்து. பொங்கல் கண்காட்சிக்குப் போட்ட எலுமிச்சை ஊறுகாயில் விற்காத பாட்டில்கள் இன்னும் நம் அலுவலக அலமாரியில்தான் இருக்கு. எல்லாரும் பார்த்திருப்பீங்க. அதனால்தான், கடன் கொடுக்கிறதுக்கு முன்னாடி, பல விதமான ஜனங்கள் பல விதமான சாப்பாடு செஞ்சு பிழைக்கிற ஒரு இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வரலாம் என்று நிர்வாகக் குழு முடிவு செய்தது.

செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறினால் கடைசி நிறுத்தம் கடற்கரை நிலையம். இறங்கி வெளியே வந்தால் பர்மா பஜார். அதுக்குப் பின்னால் மண்ணடி. இன்னும் மேற்கே நடந்தால் சௌகார்பேட்டை. எல்லாமே நடந்தே சுத்தக்கூடிய தூரம்தான். பக்கத்தில் துறைமுகமும் கோட்டையும் இருந்ததால் அந்தக் காலத்திலேயே வியாபாரிகள் பல ஊரிலிருந்து வந்து அங்கே தங்கினாங்க. தெலுங்குச் செட்டிமார், குஜராத்திகள், ராஜஸ்தான் மார்வாடிகள், கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்து முஸ்லிம்கள் என்று ஒவ்வொரு கூட்டமும் தன் அடுப்பையும் கூடவே கொண்டு வந்தது. சௌகார் என்றால் வேறொண்ணும் இல்லை, நம்ம ஊரில் சாவுகார் என்று சொல்வோமே, பணமும் சரக்கும் வைத்திருக்கிற பெரிய வியாபாரி. வட்டிக்குக் கொடுக்கிறவரையும் அப்படித்தான் கூப்பிடுவோம். குழு ஆரம்பிக்கும் முன் நம்மில் எத்தனை பேர் சாவுகார் வாசலில் நின்றிருக்கோம். அந்தப் பேரில் உள்ள பேட்டைக்கே தொழில் கத்துக்கப் போனது எனக்குக் கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருந்தது.

பக்கத்திலேயே கொத்தவால்சாவடி. 1996ல் கோயம்பேட்டுக்கு மாற்றும் வரை சென்னை நகரத்துக்கே காய்கறி அங்கிருந்துதான் போனது. நம்ம பக்கத்துக் கத்தரிக்காயும் அங்கேதான் போய் இறங்கும் என்று ஒரு ஆயா ஞாபகமாகச் சொன்னார். மொத்த வியாபாரம் நடக்கிற இடத்தில் மூட்டை தூக்குறவர், வண்டி இழுக்கிறவர், கணக்குப் பிள்ளை, சரக்கு எடுக்க வெளியூரிலிருந்து வந்தவர் என்று எத்தனையோ பேர் இருப்பாங்க. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வர நேரம் இல்லாதவங்க. அந்தத் தெருக்களில் சாப்பாடு விற்பது இவங்களை நம்பித்தான்.

பர்மாவிலிருந்து வந்த அத்தோ

எங்களை ரொம்ப நேரம் நிறுத்தி வைத்தது அத்தோ வண்டிதான். பர்மா பஜார் பக்கத்தில் சாயங்காலம் ஆனால் வரிசையாக நிற்கும். அத்தோ என்பது பர்மாக்காரர்கள் சாப்பாடு. பர்மிய மொழியில் அந்தச் சொல்லுக்குக் கலந்து பிசைந்தது என்று பொருள். ஒரு பாத்திரத்தில் ஆரஞ்சு நிறத்தில் தடித்த நூடுல்ஸ், பொடியாக அரிந்த முட்டைகோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு பொரித்த எண்ணெய், பொரித்த வெங்காயம், இடித்த மிளகாய், உப்பு எல்லாம் போட்டுக் கையால் பிசைகிறார்கள். மேலே பேஜோ என்கிற மொறுமொறு வடையை நொறுக்கித் தூவுகிறார்கள். கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப். அவித்த முட்டையைக் கீறி, பொரித்த வெங்காயமும் பூண்டும் புளியும் அடைத்துத் தருவார்கள், அதுவும் உண்டு.

வாழைத்தண்டைப் பார்த்ததும் நம்ம ஆட்கள் முகத்தைப் பார்த்துக்கிட்டாங்க. தார் வெட்டின பிறகு நாம் மாட்டுக்குப் போடுறோம், இல்லாட்டி வேலியோரம் தள்ளுறோம். அங்கே அதை வாங்க நிற்கிறாங்க.

இந்தச் சாப்பாடு இங்கே வந்த கதையைச் சொல்லணும். வெள்ளைக்காரன் காலத்தில் தமிழ் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் கப்பல் ஏறி பர்மாவுக்குப் போனாங்க. நெல் வயலில், ரங்கூன் துறைமுகத்தில் கூலி வேலை செய்தாங்க, கடை வைத்தாங்க. 1962ல் அங்கே ஜெனரல் நே வின் ராணுவ ஆட்சி வந்தது. 1964ல் தனியார் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது, பெரிய நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்தது. இரண்டு மூன்று தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் கையில் ஒண்ணும் இல்லாமல் கப்பலில் சென்னைக்குத் திரும்பின. அப்படி வந்தவர்களுக்காக 1969ல் உண்டானதுதான் பர்மா பஜார். வெளிநாட்டுச் சாமான் விற்ற கடைகள் ஒரு பக்கம் இருக்க, வேறு சிலர் அங்கே தினமும் சாப்பிட்ட சாப்பாட்டை இங்கே ரோட்டோரம் விற்கத் தொடங்கினார்கள். முதலில் தங்கள் ஜனங்களுக்கு, அப்புறம் துறைமுகத் தொழிலாளிக்கு, இப்போ ஊருக்கே.

எனக்கு இதில் பிடிச்ச விஷயம் ஒண்ணு. அவங்க சென்னைக்கு வந்தபோது இங்கே இட்லிக் கடைக்குப் பஞ்சமில்லை. நாமும் இட்லி போடுவோம் என்று அவங்களும் ஆரம்பிச்சிருக்கலாம். தனக்கு நல்லாத் தெரிஞ்சது எதுவோ அதைச் செய்தாங்க. அதனால்தான் இத்தனை வருஷம் கழித்தும் "அத்தோ சாப்பிடணும்னா அங்கே போகணும்" என்று ஜனங்கள் ரயில் ஏறி வர்றாங்க.

ஆனால் அதே வண்டியில் இன்னொன்றும் நடந்தது. வண்டிக்காரரிடம் நம்ம அக்கா ஒருத்தர் பேச்சுக் கொடுத்தார். சாயங்காலம் கடை போட எத்தனை மணிக்கு வேலை ஆரம்பிப்பீங்க என்று கேட்டார். "காலையிலயே எங்கம்மாவும் வீட்டுக்காரியும் உட்கார்ந்துடுவாங்க, வெங்காயம் பூண்டு உரிக்கிறது, பொரிக்கிறது, பேஜோ சுடுறது எல்லாம் வீட்டுலயே முடிஞ்சிடும். நான் வந்து கலந்து கொடுக்கிறதுதான்" என்றார். அக்கா விடவில்லை. "அவங்க ரெண்டு பேருக்கும் நாளைக்கு எவ்வளவு கூலி?" என்றார். அவர் சிரித்துவிட்டார். "வீட்டு ஆளுக்குக் கூலியாம்மா?" என்றார்.

அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகுது? நம் குழுக்களின் நோட்டிலும் அந்தக் கூலி வரி இல்லையே.

முறுக்கு சாண்ட்விச்

அங்கிருந்து சௌகார்பேட்டைக்குள் நுழைந்தோம். தங்கசாலைத் தெரு, ஒரு காலத்தில் கம்பெனிக்காரன் நாணயம் அடித்த இடம், மின்ட் ஸ்ட்ரீட் என்றும் சொல்வாங்க. இரண்டு பக்கமும் நகைப் பட்டறை, பாத்திரக் கடை, துணி மொத்த வியாபாரம். இடையிடையே சாப்பாட்டுக் கடை. நெய்யில் பொரிக்கிற ஜிலேபி, பாதாம் பால், கடலை மாவில் ஆவியில் வேக வைக்கிற டோக்ளா, கச்சோரி, உருளைக்கிழங்கு டிக்கி. இவற்றையெல்லாம் நின்று விவரிக்க நேரமில்லை. ருசி பார்த்தவர்களிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். டோக்ளாவைப் பார்த்த ஒரு அம்மா, "இது நம்ம இட்லிக்குச் சித்தப்பா பொண்ணு" என்றார். அது மட்டும் மறக்கல.

நான் சொல்ல வந்தது முறுக்கு சாண்ட்விச் பற்றி. இது அந்தப் பேட்டையிலேயே பிறந்த பண்டம். குஜராத்திலும் கிடையாது, நம்ம கிராமத்திலும் கிடையாது. இரண்டு தட்டை வடிவ முறுக்கு. கீழே ஒன்று, அதன் மேல் புதினா கொத்தமல்லிச் சட்னி, வட்டமாக நறுக்கின தக்காளி, வெள்ளரி, வெங்காயம், கொஞ்சம் மசாலாத் தூள், வேண்டும் என்றால் சீஸ் துருவல். மேலே இன்னொரு முறுக்கு. அவ்வளவுதான். அடுப்பே இல்லை. வடநாட்டுச் சட்னியும் நம்ம முறுக்கும் ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்ததால் வந்த கல்யாணம் அது.

நம்மில் முறுக்குச் சுட்டு விற்கிற குழு இரண்டு இருக்கு. அவர்களுக்கு அந்த விலையைப் பார்த்ததும் வாய் அடைத்துப் போச்சு. அங்கே ஒரு தட்டு விலைக்கு நம்ம ஊரில் ஒரு பாக்கெட் முறுக்கே வாங்கிடலாம். முறுக்கு எங்கிருந்து வருது என்று கடைப் பையனிடம் கேட்டோம். வெளியே ஆளிடம் சொல்லிச் செய்து வாங்குறாங்களாம். ஒரே அளவாக இருக்கணும், உடையக் கூடாது, எண்ணெய் சிக்கு வாடை வரக் கூடாது. இந்த மூன்றும் இருந்தால் போதும் என்றான். நம்ம முறுக்கு ருசியில் குறைவில்லை, ஆனால் ஒரு பாக்கெட்டில் ஒண்ணு பெரிசு, ஒண்ணு சின்னது, நாலு உடைஞ்சது. கண்காட்சியில் வாங்குறவங்க நம்ம மேல் அன்பினால் பொறுத்துக்கிறாங்க. கடைக்காரன் பொறுத்துக்க மாட்டான்.

இப்போ ஒரு கணக்கு. ஒரு குழுவின் நோட்டிலிருந்து எடுத்தது, குழுப் பேர் சொல்லல. ஒரு நாள் நாலு பேர் உட்கார்ந்து 12 கிலோ முறுக்குச் சுட்டாங்க. அரிசி, உளுந்து, எண்ணெய், காஸ், பாக்கெட் எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய். கிலோ 200 என்று விற்று வந்தது 2,400 ரூபாய். நோட்டில் "லாபம் 900" என்று எழுதி, கீழே கோடும் போட்டிருக்காங்க.

நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 225 ரூபாய். காலை 9 மணியிலிருந்து மத்தியானம் 3 மணி வரை எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்கார்ந்ததுக்கு. முந்தின நாள் அரிசி ஊற வைத்து மெஷினில் அரைத்து வந்தது தனி. பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கடை கடையாகப் போனது தனி. நூறு நாள் வேலைக்கு நம் மாநிலத்தில் 2025-26ஆம் ஆண்டுக்கு அறிவித்த நாள்கூலி 336 ரூபாய். அப்போ அந்த 900ஐ லாபம் என்று எழுதலாமா? கூலியே முழுசாக வரவில்லையே.

ஆளுக்கு 400 ரூபாய் கூலி என்று முதலில் எழுதிவிட்டுக் கணக்கைத் திருப்பிப் போடுங்க. கூலி 1,600, சாமான் 1,500, மொத்தம் 3,100. அதை 12 கிலோவுக்கு வகுத்தால் கிலோ கிட்டத்தட்ட 260 ரூபாய்க்கு விற்றால்தான் கூலி நிற்கும். அதுக்கு மேலே வருவதுதான் லாபம். "260 சொன்னா நம்ம ஊர்ப் பெட்டிக்கடையில வாங்க மாட்டாங்க மேடம்" என்பீங்க. வாங்க மாட்டாங்கதான். அப்போ அந்த முறுக்கை விற்க வேண்டிய இடம் அந்தப் பெட்டிக்கடை இல்லை என்று அர்த்தம். இதைத் தெரிஞ்சுக்கத்தான் கணக்கு. கூலியை மறைச்சு வைத்தால் விலை சரியாக இருக்கிற மாதிரியே தோணும். வருஷம் முடிஞ்சு பார்த்தால் கடன் மட்டும் மிச்சம் இருக்கும்.

அப்பளம் உருட்டின ஏழு பேர்

சௌகார்பேட்டையில் அப்பளக் கடைகள் பார்த்தோம். உளுந்து அப்பளம், பாசிப்பருப்பு அப்பளம், மிளகு போட்டது, சீரகம் போட்டது, கூடவே காக்ரா என்கிற காய்ந்த மெல்லிய ரொட்டி. குஜராத்தி, மார்வாடி வீடுகளில் இது தினசரிப் பண்டம். அதைப் பார்த்துவிட்டு, அப்பளத் தீர்மானம் போட்ட நாலு குழுவும் என்னைப் பார்த்தாங்க, "நாங்க சொன்னதும் இதுதானே" என்கிற மாதிரி.

அதனால் லிஜ்ஜத் பப்பட் கதையைச் சொல்றேன். 1959ல் மும்பை கிர்காவ் பகுதியில் ஏழு குஜராத்திப் பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து அப்பளம் உருட்ட ஆரம்பிச்சாங்க. முதல் நாள் நாலு பாக்கெட். இன்றைக்குப் பல ஆயிரம் பெண்கள் அதில் உறுப்பினர். தொடங்கினவர்களில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட் அம்மாவுக்கு 2021ல் பத்மஸ்ரீ விருது கொடுத்தாங்க. அங்கே ஒரு பழக்கம். காலையில் பிசைந்த மாவை எடை போட்டு வாங்கிப் போவாங்க, வீட்டில் உருட்டிக் காய வைத்துத் திருப்பிக் கொடுப்பாங்க. உருட்டினதுக்கு எடைக்கு இவ்வளவு என்று கூலி. லாபம் வந்தால் அது வேறு, அதையும் பங்கு பிரிச்சுக்குவாங்க. முதலில் கூலி, அப்புறம்தான் லாபம்.

சரி, இதைக் கேட்டுட்டு நாமும் அப்பளம் போடலாமா? என் கருத்தைக் கேட்டால், வேண்டாம் என்பேன். அவங்க அப்பளம் தினமும் தின்கிற ஜனத்துக்கு நடுவில் உட்கார்ந்து ஆரம்பிச்சாங்க. நாம் நாலு குழுவும் ஒரே அப்பளத்தைப் போட்டால் ஒருத்தர் கடையை இன்னொருத்தர்தான் கெடுப்போம். நிர்வாகக் குழுவில் இதை ஒத்துக்காதவர்களும் இருக்காங்க. பேசி முடிவு செய்யலாம்.

பெண்கள் எங்கே இருந்தாங்க

இவ்வளவு கடை பார்த்தோமே, கல்லாவில் உட்கார்ந்த பெண்ணை எத்தனை பேர் பார்த்தீங்க என்று ரயிலில் வரும்போது கேட்டேன். ஜிலேபிக் கடையில் இல்லை. சாண்ட்விச் கடையில் இல்லை. மண்ணடியில் சமோசாக் கடையிலும் இல்லை. நோன்புக் கஞ்சி, வட்டிலப்பம் எல்லாம் அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்கள் கைப்பக்குவம்தான். முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிக்கிற வட்டிலப்பத்தைப் பதம் தவறாமல் எடுப்பது லேசான வேலை இல்லை. ஆனால் தெருவில் விற்க நிற்பது ஆண்கள்.

பெண்களைப் பார்த்தது காலையில், தெரு முனைகளில். ஒரு அடுப்பு, ஒரு குண்டான், இரண்டு ஸ்டூல். ஆப்பம், இட்லி, வடகறி. கொஞ்சம் வெயில் ஏறினதும் கேழ்வரகுக் கூழ், தொட்டுக்க வறுத்த கருவாடு, மோர்மிளகாய், மாங்காய்த் துண்டு. மூட்டை தூக்குறவர்கள் நின்றபடியே குடித்துவிட்டுப் போறாங்க. விலை மலிவு, ஆனால் சொம்பு காலியாகும் வேகத்தைப் பார்க்கணும். கூழ் ஊற்றின ஒரு அம்மா பத்தரை மணிக்கெல்லாம் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துட்டாங்க. நம்ம கூழ்தான், நம்ம கருவாடுதான். அதைத் தின்ன ஆள் நகரத்தில் இல்லை என்று யார் சொன்னது?

நம்மைப் போன்ற குழுப் பெண்கள் வேலை செய்கிற இடமும் அங்கே இருக்கு, அம்மா உணவகம். 2013 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சி ஆரம்பித்தது. அப்போ இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். சுய உதவிக் குழுப் பெண்கள்தான் சமைச்சுப் பரிமாறுறாங்க. 2022ல் தொடங்கின முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்திலும் கிராமப் பள்ளிகளில் குழுப் பெண்கள்தான் சமைக்கிறாங்க. நம் உறுப்பினர் சிலரும் அதில் இருக்காங்க. காலையில் ஐந்து மணிக்கு எழுந்து போகிற வேலை. ஆனால் அங்கே உங்க உழைப்புக்கு ஒரு தொகை என்று எழுதியிருக்கு. சொந்தத் தொழில் செய்யும்போது அந்த எழுத்தை நாமே எழுதிக்கணும், அவ்வளவுதான் வித்தியாசம்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. வீட்டில் செய்து பாக்கெட் போட்டு விற்பவர்களும் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்யணும். பாக்கெட்டில் பதிவு எண், செய்த தேதி, எத்தனை நாள் வைக்கலாம் என்பது இருக்கணும். இது இல்லாததால்தான் பெரிய கடைகள் நம்ம சரக்கைத் தொட மாட்டேங்குறாங்க. நகரத்திலோ பேரூராட்சியிலோ ரோட்டோரம் கடை போடுறவங்களுக்கு 2014ல் தனிச் சட்டம் வந்திருக்கு. நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பங்குக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்கணும், அவங்களில் மூன்றில் ஒருத்தர் பெண்ணாக இருக்கணும் என்று அதில் இருக்கு. பஸ் ஸ்டாண்டு பக்கம் பணியாரம் போடுற நம்ம அக்காமார் இதைத் தெரிஞ்சு வைச்சுக்கணும். அப்புறம், ஒரு முறை பயன்படுத்தித் தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக் சாமான்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடை. ஆகவே தையல் இலை, மந்தாரை இலைக்குக் கிராக்கி உண்டு. இலை தைக்கத் தெரிந்த பாட்டிமார் இன்னும் நம்ம ஊர்களில் இருக்காங்க.

கேட்டதும் சொன்னதும்

பேச்சு முடிந்ததும் சிலர் கேள்வி கேட்டார்கள். அதையும் எழுதச் சொன்னார்கள்.

"நம்ம பஸ் ஸ்டாண்டுல அத்தோ போட்டா ஓடுமா?" ஒரு தங்கச்சி கேட்டாள். ருசி அவளைப் பிடிச்சுக்கிச்சு. ஓடாது என்று அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே அறுபது வருஷமாகத் தின்று பழகின ஜனம் இருக்கு. இங்கே நீ முதலில் அத்தோ என்றால் என்ன என்று ஒவ்வொருத்தருக்கும் சொல்லணும். அதுவரைக்கும் கடன் தவணையை யார் கட்டுறது? வீட்டில் ஒரு நாள் செய்து பிள்ளைகளுக்குக் கொடு. வாழைத்தண்டு சூப்பை மட்டும் தனியாகப் போட்டுப் பார், அதுக்கு முதலீடு குறைவு.

"அப்போ நமக்குன்னு என்னதான் இருக்கு மேடம்?" இது ஒரு பெரியம்மா கேட்டது. அவருக்கு நான் பதில் சொல்லவில்லை, கூட்டமே சொல்லிடுச்சு. கேழ்வரகு அடை, முருங்கைக்கீரை போட்டது. வேர்க்கடலை உருண்டை. கொள்ளுத் துவையல். கடைசியில் ஒரு மூலையிலிருந்து, "வெங்காய வடகம்" என்று ஒரு குரல். அப்புறம் பத்து நிமிஷம் அதைப் பற்றியே பேச்சு. சித்திரை வெயிலில் சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் இடித்துப் பிசைந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, தினமும் உதிர்த்துத் திரும்ப உருட்டிக் காய வைக்கிற வேலை. ஒரு வருஷத்துக்குக் கெடாது. காரக்குழம்பு, கீரை மசியலில் தாளித்தால் தெருவே மணக்கும். அடுப்பு வேண்டாம், காஸ் வேண்டாம், செலவெல்லாம் வெங்காயமும் உழைப்பும்தான். சென்னையில் அடுக்குமாடியில் இருக்கிற நம்ம பக்கத்துக் குடும்பங்கள் வருஷா வருஷம் ஊருக்கு வரும்போது அம்மாவிடம் வாங்கிப் போறாங்க. அம்மா இல்லாத வீட்டுக்கு யார் கொடுக்கிறா?

"வாங்குவாங்கன்னு என்ன நிச்சயம்?" என்று பொருளாளர் அக்கா குறுக்கே கேட்டார். நிச்சயம் ஒண்ணும் இல்லை. அதனால் எடுத்தவுடன் 50,000 கடன் என்று போக வேண்டாம். இரண்டு குழு, ஆளுக்கு ஐந்து கிலோ. உள்கடனில் கொஞ்சம் எடுத்தாலே போதும். அது விற்கிறதைப் பார்த்து அப்புறம் பேசலாம்.

"தெருவுல நின்னு விக்கக் கூடாதுன்னு எங்க வீட்டுக்காரர் சொல்றாரு" என்று ஒரு அக்கா மெதுவாகச் சொன்னார். இதுக்கு எல்லாருக்கும் பொருந்துகிற பதில் என்னிடம் இல்லை. சேமிப்புக்கு வங்கிக்குப் போகக் கூடாது என்று சொன்ன வீடுகள்தான் இதெல்லாம். இன்றைக்கு வங்கி மேலாளர் பேரைச் சொல்லிக் கூப்பிடுறீங்க. ஒருத்தராக நிற்பதுக்குப் பதில் மூன்று பேராக, கூட்டமைப்பு பேனர் கட்டி நின்று பார்க்கலாம். அந்த அக்கா வீட்டுக்கு நானும் ஊக்குநரும் இந்த வாரம் போறோம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, கடன் கேட்ட ஆறு குழுவும் ஒரு தாளில் நாலு விஷயம் எழுதிக் கொண்டு வரணும். என்ன செய்யப் போறீங்க, அதை எந்த ஊரில் எந்தத் தெருவில் யார் வாங்குவாங்க, ஒரு நாளைக்கு எத்தனை பேர் எத்தனை மணி நேரம் உட்காரணும், ஆளுக்கு எவ்வளவு கூலி. எழுதத் தெரியாதவங்க பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கூட வைச்சு எழுதிக்கலாம். கூலி இடத்தைக் காலியாக விட்ட தாளைத் திருப்பிக் கொடுத்துடுவோம், இது நிர்வாகக் குழு முடிவு.

வடகம் போட விருப்பம் உள்ள குழுக்கள் பங்குனி பிறக்கும் முன் அலுவலகத்தில் பேர் கொடுத்துடுங்க. சின்ன வெங்காயம் விலை இறங்கும் சமயம் பார்த்து மொத்தமாக வாங்கிப் பிரிச்சுக்கலாம். விளக்கெண்ணெய் நம்ம செக்கிலேயே ஆட்டித் தர்றதாகச் சொல்லியிருக்காங்க.